த்ரில்லர் படத்தில் பாட்டு எதற்கு?

இராக்காட்சி:
போன வாரம் ஒரு புது த்ரில்லர் பார்த்தேன், பெயர் வேண்டாம். நாயகன் பிணத்தைக் கார் டிக்கியில் போட்டு மூடுகிறான். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிறார். உடனே கடற்கரையில் டூயட்! முன்வரிசையில் ஐந்தாறு செல்போன்கள் பளிச்சென்று எரிந்தன, இரண்டு பேர் பாப்கார்ன் வாங்க எழுந்து போனார்கள். பாட்டு முடிந்து செக்போஸ்ட்டுக்குத் திரும்பியபோது அரங்கில் அந்தப் பதற்றம் சுத்தமாக இல்லை. 1954-லேயே எஸ்.பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை ஒரு பாட்டுக்கூட இல்லாமல் எடுத்துவிட்டார். த்ரில்லரில் பாட்டே கூடாது, இதுதான் என் கட்சி.

பழைய ரீல்:
தம்பி, ‘புதிய பறவை’ (1964) பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப்போகிறேன். இறந்துபோன மனைவி சித்ரா நான்தான் என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். இவள் அவளில்லை என்று நாயகன் கோபால் துடிக்கிறான். அவன் சித்ராவிடம் மயங்கியதே ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ பாட்டில்தான். அதை எடுத்துவிட்டால் சித்ரா வெறும் பெயர். அவன் பாடும் ‘எங்கே நிம்மதி’யை முதல் தடவை கேட்கும்போது ஐயோ பாவம் என்றிருக்கும். அவள் சாவுக்கு அவனே காரணம் என்று தெரிந்தபின் கேளுங்கள், ஒவ்வொரு வரியும் குற்ற ஒப்புதலாகவே காதில் விழும்.

இராக்காட்சி:
அது அபூர்வம் அண்ணா. மேசைக்கடியில் குண்டு இருப்பது பார்ப்பவனுக்குத் தெரியும், மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது, அதுதான் சஸ்பென்ஸ் என்று த்ரில்லர் படங்களுக்குப் பேர்போன ஆங்கிலப்பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கினார். அங்கே ஓடுகிற கடிகாரம்தான் எல்லாம். பாட்டு வந்தால் அது நின்றுவிடுகிறது.

மிக்ஸிங்மேசை:
ஒலிப்பதிவில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். தன் ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக்கும் இருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துப் போட்டதைக் கேட்டபின் மனம் மாறினார். 1963-ல், பறவைகள் கூட்டமாக மனிதர்களைத் தாக்கும் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் வழக்கமான பின்னணி இசையையே விட்டுவிட்டார். ஆனால் அதிலும் ஒரு பாட்டு உண்டு! பள்ளிக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் நாயகி மெலனி சிகரெட் பிடித்தபடி காத்திருக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பிகளில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. பிறகு இன்னும் சில. அவள் திரும்பிப் பார்க்கும்போது கம்பி தெரியாத அளவுக்குக் காகங்கள். பாட்டு முடிந்தால் பிள்ளைகள் வெளியே வந்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு அடியும் நம் வயிற்றைப் பிசைகிறது. நீங்கள் சொன்ன கடிகாரமே அங்கே பாட்டுதான்.

இராக்காட்சி:
இந்த இடத்தில் இறங்கி வருகிறேன். அது காட்சிக்குள்ளேயே பாடுகிற பாட்டு, நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அப்படியென்றால் என் கட்சியைத் திருத்திக்கொள்கிறேன்: கதையின் நேரத்தை நிறுத்துகிற பாட்டு கூடாது.

பழைய ரீல்:
‘எங்கே நிம்மதி’ ஓடும்போது கதை ஓர் அடிகூட நகர்வதில்லை. அவன் மனசுக்குள்தான் இருக்கிறோம். அதையும் வெட்டுவீர்களா?

இராக்காட்சி:
வெட்ட மனசு வராது அண்ணா. ஆனால் எந்தக் கணக்கில் அதை மட்டும் விடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கு ராத்திரி மறுபடி பார்த்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.