சிபாப் போட்டும் விடியற்காலையில் முழிப்பு: ஏஎச்ஐ 3.2, லீக் 38, குழாயில் தண்ணீர்

கந்தப்பளை மகள்:

வணக்கம். அப்பாவுக்கு 58 வயது, மரக்கறி லொறி ஓட்டுகிறார். கொழும்பில் தூக்கப் பரிசோதனை செய்து, கடுமையான ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது) என்று சிபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் மெஷின்) எழுதிக்கொடுத்தார்கள். மெஷின் ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க், சூடாகாத சாதாரணக் குழாய். அழுத்தம் 4 முதல் 20 வரை தானாக மாறும், ரேம்ப் (தொடக்கத்தில் குறைந்த அழுத்தத்தில் ஓடும் நேரம்) 45 நிமிடம், ஈரப்பதம் 6.

எஸ்டி கார்டை ஓஸ்கார் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஏஎச்ஐ (மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்) 3.2 (அடைப்பு 0.9, ஹைப்போப்னியா, அதாவது மூச்சு குறைவது 0.6, கிளியர் எயார்வே 1.7). லீக் (மாஸ்க் ஓரத்திலோ வாயிலோ வீணாகும் காற்று) 95 சதவீதத்தில் 38, அதாவது 95 சதவீத நேரம் அதற்குள். அழுத்தம் மீடியன் (நடு அளவு) 8.4, 95 சதவீதத்தில் 11.6.

படுத்தவுடன் காற்று போதவில்லை, மூச்சு முட்டுது என்கிறார். 3 மணிக்கு மேல் குழாயில் கொறகொற என்று சத்தம் வந்து மூக்கில் தண்ணீர் அடிக்கிறது. வாய் காய்ந்துபோய் எழும்பி மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுகிறார். பகலெல்லாம் தூக்கம். வாய் காய்வதால் ஈரப்பதத்தை 8க்குக் கூட்டலாமா? இல்லை அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமா?

---

ஹட்டன் தாதி:

இரண்டையும் இப்போதைக்குத் தொடவேண்டாம் தங்கச்சி. ஈரப்பதத்தை 8க்குக் கூட்டினால் குழாயில் தண்ணீர் இன்னும் கூடும்.

மெஷின் தொட்டியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்றை அனுப்புகிறது. அது குளிர்ந்த குழாய் வழியாக வரும்போது உள்சுவரில் துளித்துளியாகப் படிந்து, குழாய் தொங்கும் இடத்தில் சேர்ந்துவிடும். கொறகொற சத்தம் அதுதான். உங்கள் பக்கம் தை, மாசியில் தரையில் உறைபனி விழுகிற குளிர். தகரக் கூரைக் காம்பிராவில் விடியப்போகும் நேரம்தான் குளிர் உச்சம், அதனால்தான் 3 மணிக்கு மேல் தொடங்குகிறது. கொழும்பில் 6 வைத்தால் பிரச்சினை இருக்காது. உங்கள் நுவரெலியாப் பக்கத்தில் அதே 6 கூடுதல்.

இன்றிரவே ஈரப்பதத்தை 3க்குக் குறையுங்கள். மெஷினைத் தலைமாட்டைவிடத் தாழ்வாக ஒரு ஸ்டூலில் வையுங்கள், தண்ணீர் சேர்ந்தாலும் முகத்துக்கு வராமல் மெஷின் பக்கம் இறங்கும். சிமெந்துத் தரையில் வைக்கவேண்டாம், தூசியை இழுக்கும். குழாயைக் கம்பளிக்கு அடியில் விட்டு முகத்துக்குப் பக்கத்தில் மட்டும் வெளியே எடுங்கள். பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி உறையாகப் போட்டாலும் போதும். ஆனால் மெஷினின் பின்பக்கக் காற்று வழியைக் கம்பளி மூடக்கூடாது. ஜன்னலுக்குக் கீழேயும் குளிர்ந்த சுவரை ஒட்டியும் குழாய் போகவேண்டாம்.

இதெல்லாம் செய்தும் குழாயில் தண்ணீர் தேங்கினால், சரியான தீர்வு சூடாகும் குழாய். உங்கள் மெஷினுக்கு கிளைமேட்லைன் எயார் என்பது பொருந்தும். அது 16 முதல் 30 பாகை வரை வைக்கலாம், 27இல் தொடங்குங்கள். மலைநாட்டில் சிபாப் போடுகிறவர்களுக்கு இதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. முதலிலேயே வாங்கிக்கொடுக்க வேண்டிய பொருள்.

தொட்டிக்கு ஃபார்மசியில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். பெட்ரோல் செட்டில் பெட்டரிக்கு விற்கும் போத்தல் வேண்டாம், அது சுவாசிப்பதற்காகச் செய்தது இல்லை. ஓரிரு இரவு கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் பரவாயில்லை, கிருமி சாகும், ஆனால் உப்பு தங்கி வெள்ளையாகப் படியும். படிந்தால் 1 பங்கு வினிகருக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துக் கழுவலாம். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காயவிடுங்கள்.

---

குழாயும் காற்றும்:

ஹட்டன் அக்கா சொன்னதோடு லீக்கையும் பாருங்கள். அதுதான் என் பார்வையில் பெரிய சிக்கல். இந்த மெஷினில் நிமிடத்துக்கு 24 லீட்டருக்கு மேல் போனாலே கூடுதல் லீக். 38 என்றால் இரவின் ஒரு பகுதியிலாவது அளவுக்கு மேல் காற்று வெளியே கொட்டுகிறது. அந்த நேரத்தில் மூச்சு நிற்பதை மெஷினால் சரியாக எண்ண முடியாது. ஆகவே ஏஎச்ஐ 3.2 என்பதை நம்பி "சிகிச்சை நன்றாக நடக்கிறது" என்று முடிவெடுக்காதீர்கள்.

வாய் காய்கிறது, மூக்கு மாஸ்க், லீக் கூடுதல். மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் வாய் வழியாகக் காற்று போகிறது. விடியற்காலையில் கனவுத் தூக்கம் கூடும், தசைகள் தளர்ந்து தாடை தொங்கும். ஓஸ்காரில் லீக் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டென்று ஏறி, மேடைபோல் நின்று, சட்டென்று இறங்கினால் வாய். புரண்டு படுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அப்படியே நின்றால் மாஸ்க் விலகியிருக்கிறது. இது நிச்சயமான விதி இல்லை, ஆனாலும் தேடவேண்டிய திசை தெரியும்.

மாஸ்க்கை உட்கார்ந்து மாட்டக்கூடாது. படுத்தால் கன்னத்துச் சதை நகரும். மெஷினை ஓடவிட்டு, படுத்து, குஷனை முகத்திலிருந்து அரை அங்குலம் இழுத்துக் காற்று நிரம்பவிட்டு மெதுவாக உட்காரவிடுங்கள். அதன்பிறகு மேல் பட்டி, கீழ்ப் பட்டி என்று கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவேண்டும். லீக் வந்தவுடன் இழுத்து இறுக்கினால் குஷன் மடிந்து இன்னும் ஒழுகும், மூக்குத்தண்டும் புண்ணாகும். குஷனைத் தினமும் மிதமான சவர்க்காரத் தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் வழுக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் படுப்பவர் என்றால் பட்டிகளும் கெட்டுப்போகும்.

மூக்கு அடைப்பு இருக்கிறதா? பனிக்காலத்தில் மூக்கு அடைத்தால் யாரும் வாயால்தான் விடுவார்கள். படுக்குமுன் சலைன் கொண்டு மூக்கைக் கழுவலாம், தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கவேண்டும். மூக்கு திறந்தும் வாய் திறந்தால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க் தேவை. தாடைப்பட்டி சிலருக்கு உதவும், பலருக்குப் பட்டியோடேயே வாய் திறக்கும். வாயில் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லி யாராவது வீடியோ போட்டிருந்தால் கேட்காதீர்கள், மூக்கு அடைத்தால் ஆபத்து.

மாஸ்க் மாற்றினால் மெஷின் மெனுவில் மாஸ்க் வகையையும் மாற்றவேண்டும்.

ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் சீக்கிரம் சாம்பல் நிறமாகும். அது கழுவும் ஃபில்டர் இல்லை, மாற்றவேண்டியது.

---

ஹட்டன் தாதி:

முழுமுக மாஸ்க் வாங்குமுன் ஒன்று: ஒரே இரவில் ஈரப்பதம், மாஸ்க், அழுத்தம் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதலில் தண்ணீர், பிறகு லீக், கடைசியில் அழுத்தம்.

---

கந்தப்பளை மகள்:

ரொம்ப நன்றி. லீக் கோடு நீங்கள் சொன்னமாதிரி மேடை மேடையாகத்தான் இருக்கிறது. படுத்தவுடன் மூச்சு முட்டுவதற்கு என்ன செய்வது? கிளியர் எயார்வே 1.7 பற்றியும் பயமாக இருக்கிறது. அது மூளையிலிருந்து வருவது என்று படித்தேன். நாங்கள் உயரத்தில் இருப்பதாலா?

---

குழாயும் காற்றும்:

மூச்சு முட்டுவது 4இல் தொடங்குவதால். பெரிய உடம்புக்காரர்கள் பலருக்கு 4 போதாது. மீடியன் 8.4 தேவைப்படும் ஆளுக்கு 45 நிமிடம் ரேம்ப் என்றால், அவ்வளவு நேரமும் குறைந்த காற்றில் மூச்சுக்குப் போராடுகிறார். குறைந்த அழுத்தத்தையும் ரேம்ப் தொடக்க அழுத்தத்தையும் 6 அல்லது 7க்கு உயர்த்தி, நேரத்தைக் குறைத்தால் அல்லது ஆட்டோவில் போட்டால் மாறும்.

4–20 என்பது பெட்டியைத் திறந்தபடி விட்ட அமைப்பு. அடைப்பின் அறிகுறி வந்த பிறகே மெஷின் துரத்திக்கொண்டு ஏறும், அதற்குள் தூக்கம் கலைந்துவிடும். வழக்கமாகக் குறைந்த அளவை மீடியனுக்குச் சற்றுக் கீழேயும், கூடிய அளவை 95 சதவீத எண்ணுக்கு ஒன்றிரண்டு மேலேயும் வைப்பார்கள். அப்பாவின் எண்களுக்கு ஏறக்குறைய 7–14. இதை நீங்களாக மாற்றாமல், எஸ்டி கார்டையும் ஓஸ்கார் படங்களையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள். லீக் குறைந்த பிறகு எடுத்த தரவைக் காட்டுங்கள். லீக்கோடு எடுத்த அழுத்த எண் ஏமாற்றும்.

கிளியர் எயார்வே என்றால் தொண்டை திறந்திருந்தும் மூச்சு எடுக்காத இடைவெளி. 1.7 குறைவு. சிபாப் தொடங்கும்போது சிலருக்கு வரும், பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் தானாகக் குறையும். புரண்டு படுக்கும்போது மூச்சைப் பிடிப்பதையும் மெஷின் அப்படியே எண்ணும். நீங்கள் கேட்டதில் நியாயம் உண்டு: நுவரெலியா 1868 மீற்றர், உயரத்தில் மெல்லிய காற்று இந்த வகையைக் கூட்டக்கூடும். பரிசோதனை நடந்தது கடல் மட்டத்தில், தூங்குவது இங்கே. இதை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த எண் மட்டும் 5ஐத் தாண்டி நின்றால் தாமதிக்காமல் போங்கள், அழுத்தத்தைக் கூட்டினால் அது இன்னும் மோசமாகலாம். மெஷினைப் பற்றிப் பயம் வேண்டாம், ஏர்சென்ஸ் 10 சுமார் 2590 மீற்றர் வரை உயரத்துக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும்.

---

தலவாக்கலை வயர்மேன்:

கரண்ட் பற்றி யாரும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து நடுராத்திரியில் கரண்ட் போனால் மெஷின் நிற்கும். ஏர்சென்ஸ் 10க்கு 24 வோல்ட் வேண்டும். 12 வோல்ட் பெட்டரியில் நேராகக் கொடுக்கமுடியாது, அதற்குரிய கன்வெர்ட்டர் வேண்டும். ஈரப்பதத்தையும் சூட்டுக் குழாயையும் நிறுத்திவிட்டால் காற்றுக்கு மட்டும் சுமார் 10 முதல் 15 வாட் போதும், 8 மணித்தியாலத்துக்கு அதிகபட்சம் 120 வாட் மணி. 12 வோல்ட் 40 ஆம்பியர் மணி பெட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 240 வரும், ஓர் இரவுக்குத் தாராளம். ஹீட்டரை ஓடவிட்டால் இந்தக் கணக்குச் செல்லாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் நேரம் பிளக்கைக் கழற்றிவிட்டு பெட்டரியில் போடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் இதையும் பாருங்கள்: பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களை, உள்ளே உள்ள சத்தம் குறைக்கும் ஸ்பஞ்ச் உதிர்வதால் திரும்பப் பெற்றது. சீரியல் இலக்கத்தைச் சரிபார்க்காமல் போடவேண்டாம்.

---

ஹட்டன் தாதி:

தங்கச்சி, ராத்திரி பிளேன்டீயைப் பின்னேரத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். சாராயமும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுப்பவர் என்றால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், சிறுநீருக்கு எழும்புவதும் முழிப்புத்தான். லீக் 24க்குக் கீழே வந்தும் பகலில் தூங்கினால் ஹீமோகுளோபின், தைரொய்ட் இரண்டும் பார்க்கவேண்டும்.

பகல் தூக்கம் தீரும்வரை அப்பா லொறி ஓட்டக்கூடாது. றம்பொடை வளைவில் ஒரு விநாடி கண் மூடினால் அவரோடு ரோட்டில் வருகிற மற்றவர்களும்தான். சம்பளம் போகும் என்று தெரியும், ஆனாலும் டொக்டரிடம் கடிதம் வாங்கி முதலாளிக்குக் கொடுத்து லீவு கேளுங்கள். ஈரப்பதம் 3இல் வைத்து எப்படி இருந்தது என்று இங்கேயே எழுதுங்கள், லீக் படத்தையும் போடுங்கள்.