மிளகாய்ச் செடி வாடுகிறது, வேப்பெண்ணெய்க்குக் கேட்கவில்லை. உதவி வேண்டும்!

பட்டர்வொர்த்_மாறன்:
வணக்கம். மிளகாய்ச் செடிகள் ஒவ்வொன்றாக வாடிப் போகின்றன. வேப்பெண்ணெய் அடித்தேன், பூண்டை அரைத்துக் கொதிக்க வைத்து அடித்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. சமையலுக்குப் பறிப்பது, அதனால் கடை மருந்து வேண்டாம். நொச்சி, ஆடாதொடை என்று ஏதாவது கஷாயம் சொல்லுங்கள், அவசரம்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
தொட்டியா தரையா தம்பி? இலையில் புள்ளி இருக்கிறதா, காயில் இருக்கிறதா? படம் போடுங்கள்.

செந்தூல்_சிவம்:
பூண்டைக் கொதிக்க வைத்ததுதான் காரணம். நசுக்கும்போது உண்டாகிற அல்லிசின் சூட்டில் சிதைந்துவிடும். பச்சையாக அரைத்து வடிகட்டி அன்றைக்கே அடியுங்கள். என் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் பூண்டுதான்.

பச்சைவிரல்:
என்ன நோய் என்றே தெரியாமல் கஷாயம் கேட்பவர்கள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின் முக்கியமாகப் பூச்சிக்கு, அதைத் தின்னவிடாது, வளரவிடாது. இலைமேல் மாவு பூத்தாற்போல வரும் சாம்பல் நோய்க்கும் வேப்பெண்ணெய் ஓரளவு உதவும். வாடலுக்கு அடித்தால் என்ன ஆகும்? முதலில் அடிப்படையைப் படியுங்கள்.

கிள்ளான்_குமார்:
லெங்குவாஸ் (பேரரத்தைக் கிழங்கு) சாறு அடித்துப் பாருங்கள் அண்ணே, பூஞ்சையை அடக்கும். இல்லாவிட்டால் புகையிலையை ஊறவைத்த தண்ணீர். இலைச்சாறுதானே, மறுநாளே பறித்துச் சாப்பிடலாம்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
புகையிலை வேண்டவே வேண்டாம் குமார். நிகோடின் நஞ்சு, இலையிலிருந்து வந்தாலும் நஞ்சுதான். புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் மிளகாய்க்கும் தொற்றும்.

கிள்ளான்_குமார்:
எங்கள் தாத்தா காலத்திலிருந்து அடிக்கிறோம் அக்கா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பச்சைவிரல்:
உடனே தெரியவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமா? கையுறை போட்டு அடித்தாரா என்று தாத்தாவைக் கேளுங்கள்.

பட்டர்வொர்த்_மாறன்:
தரைதான். புள்ளி எதுவும் இல்லை. இலை பச்சையாகவே தொங்குகிறது, பகலில் வாடி ராத்திரி தேறும், அப்புறம் ஒரேயடியாகச் சாய்ந்துவிடும். முன்னே அதே பாத்தியில் தக்காளி போட்டிருந்தேன்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நல்லது தம்பி. அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் மாதிரி வெள்ளை நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல், ரால்ஸ்டோனியா என்ற கிருமி. மண்ணிலிருந்து வேர் வழியே ஏறித் தண்ணீர்க் குழாயை அடைத்துவிடும், இலையில் அடிக்கிற எந்தச் சாறும் அங்கே போகாது. செடியை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் வேண்டாம், சோளம் போடுங்கள். மிளகாய் வேண்டுமானால் தொட்டியில் புது மண்ணில் வையுங்கள். வேப்பெண்ணெயைப் பூச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாலையில் அடியுங்கள், வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். பினாங்கு மழை கழுவிவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும்.

செந்தூல்_சிவம்:
மண்ணில் பூண்டுச் சாறு ஊற்றினால்?

ஆயர்ஈத்தாம்_அக்கா:
வாடிய செடி அதில் பிழைக்காது சிவம்.

பட்டர்வொர்த்_மாறன்:
வெள்ளை நூல் வந்தது. பிடுங்கிவிட்டேன். நன்றி அக்கா.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
சரி தம்பி. கத்தி, மண்வெட்டி, காலணி மூன்றையும் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.