காய்ச்சலில் கிடப்பவனுக்குச் செய்தி எதற்கு?

கெடிலக்கரையான்:
நான்கு நாளாகக் காய்ச்சல். புதுப்பாளையத்து வீட்டு மாடி அறையில் பூண்டுக் கஞ்சியும் நார்த்தங்காயுமாகக் கிடக்கிறேன். முதல் இரண்டு நாள் கைபேசியை விடவில்லை. போர், தங்கம் விலை, கூட்டணிப் பேச்சு, வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி என ஒன்று விடாமல் படித்தேன். இரவு 102 டிகிரியில் ஒரு கனவு: சவரனுக்கு எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று ஒரு பெண் செய்தி வாசிக்கிறாள். விடிந்ததும் மனைவி கைபேசியைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். இன்றுதான் திரும்பக் கிடைத்தது.

கைபேசி இல்லாத அந்த இரண்டு நாளும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறிக்குப் பக்கத்தில், வீடு கட்டியபோது கொத்தனார் விட்டுப்போன கரண்டித் தடம் ஒன்று பிறைபோல இருக்கிறது. இருபது ஆண்டு அதன் கீழே தூங்கியும் கண்ணில் பட்டதில்லை. நான் படிக்காததால் உலகம் கெட்டுவிடவும் இல்லை. நோயாளிக்குச் செய்தி ஆகாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

முதுநகரான்:
மறுக்கிறேன் அண்ணே. உலகம் கெடவில்லை என்பது மாடி அறைப் பேச்சு. தென்பெண்ணைக் கரையில் என் மாமியார் வீட்டுக்கு மாடி கிடையாது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரண்டாம் நாள், 2024 டிசம்பர் 2 விடியற்காலை, அதே ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். அவர் மூட்டுவலியில் எழ முடியாமல் படுத்திருந்தார். செய்தி காதில் விழுந்ததால்தான் நாற்காலியோடு தூக்கி வந்தோம்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் எண் வந்தாலே பேரபாயம். அதற்கும் மேலே பதினொன்று என்று ஒன்று உண்டு. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். செய்தி வராமல் போவதைக் கடைசி எண்ணாக வைத்தவர்கள் விவரம் கெட்டவர்களா?

முத்தியால்பேட்டைக்காரி:
நான் அண்ணன் பக்கம். அதே ஃபெஞ்சல் இரவில் எனக்கும் காய்ச்சல். வீட்டில் தனியாக இருந்தேன். மறுநாள் தொலைக்காட்சியில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழை என்று நாள் முழுக்க ஓட்டினார்கள். அந்த எண்ணை வைத்து நான் என்ன செய்வது? தண்ணீர் இரண்டாம் படி ஏறியதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா மொட்டைமாடியிலிருந்து "கேஸ் அடுப்பை மேலே தூக்கி வை" என்று கத்தினாள். அது போதுமாக இருந்தது.

முதுநகரான்:
அக்கா சொன்னதும் செய்திதானே அம்மா?

முத்தியால்பேட்டைக்காரி:
அக்கா ஒரு தடவைதான் சொன்னாள். நடுவில் விளம்பரமும் போடவில்லை.

மஞ்சக்குப்பம் செவிலி:
உங்கள் வழக்கு இருக்கட்டும். நான்கு நாள் காய்ச்சல் என்கிறாரே, இரத்தம் பார்த்தீர்களா என்று ஒருவராவது கேட்டீர்களா? மழைக்காலம். டெங்குவாக இருந்தால் சூடு இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். விட்டுவிட்டது என்று எழுந்து நடமாடக் கூடாது. வயிற்றுவலி, தொடர்ந்து வாந்தி, ஈறில் இரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு ஒன்று இருக்குமே, அதை எப்போது கழுவினீர்கள்? அந்தக் கொசு பகலில் கடிப்பது, சாக்கடையைத் தேடாது.

கெடிலக்கரையான்:
மாலை இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு நாளைக் காலை. அப்படி ஒரு தட்டு இருப்பதே எங்களுக்குத் தெரியாது அம்மா. மனைவி ஃபிரிட்ஜை இழுத்து டார்ச் அடித்தாள். விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர், அதில் கமா கமாவாக நெளிகின்றன. வெயிலில் கொட்டித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள்.

முதுநகரான் சிரிக்க வேண்டாம். என் கட்சியில் மாற்றமில்லை. கைபேசி மறுபடி அரிசிப் பானைக்குப் போகிறது.