ஜெர்மனியில் பம்ப் விற்க: முகவரா, இறக்குமதியாளரா, சொந்த நிறுவனமா?

கேள்வி (பம்ப் உற்பத்தியாளர், கோவை):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப நிறுவனம் எண்ட் சக்‌ஷன் வகை மையவிலக்கு பம்புகளைத் தயாரித்து, வளைகுடா நாடுகளுக்கும் கென்யாவுக்கும் அனுப்பி வருகிறது. அடுத்து ஜெர்மனியில் விற்க விரும்புகிறோம். சந்தை நுழைவு ஆலோசனை நிறுவனம் ஒன்று, மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு வாங்குவோர் பட்டியல், சந்திப்புகள், கண்காட்சி அரங்கு ஆகிய அனைத்தையும் ஏற்பாடு செய்து தருவதாகக் கூறுகிறது. அந்தக் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன் நாங்கள் எவற்றைத் தீர்மானித்திருக்க வேண்டும்? கமிஷன் முகவர், இறக்குமதியாளர், அங்கேயே பதிவு செய்யும் சொந்த நிறுவனம் ஆகிய மூன்றில் எது எங்களுக்குப் பொருந்தும்?

மறுமொழி 1 (பம்ப் பரிசோதனைப் பொறியாளர்):

பட்டியலும் சந்திப்பும் பிறகு ஆகட்டும். உங்கள் பம்பை அங்கே சட்டப்படி விற்க முடியுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சுத்தமான நீரை இறைக்கும் பம்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 547/2012 விதிமுறை பொருந்தும். அதன்படி 2015 ஜனவரி முதல், எம்.இ.ஐ. எனப்படும் குறைந்தபட்சத் திறன் குறியெண் 0.4-க்குக் குறையக் கூடாது. உச்சத் திறன் புள்ளியில் மட்டும் நல்ல எண் கிடைத்தால் போதாது. அந்த ஓட்ட அளவின் 75 விழுக்காட்டிலும் 110 விழுக்காட்டிலும் திறனை அளந்து பார்ப்பார்கள். இம்பெல்லரின் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரத்தின்) உட்புறச் சொரசொரப்பும் வேர் ரிங் எனப்படும் தேய்மான வளையத்தின் இடைவெளியும் இந்த எண்களை நேரடியாகப் பாதிப்பதால், மாதிரிக்கு அனுப்பும் ஒரு பம்பை மட்டும் தேய்த்து மெருகேற்றி அனுப்புவதில் பயனில்லை. வார்ப்பு மணலிலிருந்தே தரம் கட்டுக்குள் இருந்தால்தான் நூறாவது பம்பும் அதே எண்ணைத் தரும். கோவையிலேயே சிட்டார்க் பரிசோதனைக் கூடம் இருக்கிறது; வெளிநாட்டுக் கூடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கே ஓட்டிப் பாருங்கள்.

மோட்டாரையும் கவனியுங்கள். 0.75 கிலோவாட் முதல் மேலே உள்ள மூன்று ஃபேஸ் மோட்டார்களுக்கு 2021 ஜூலை முதல் ஐ.இ.3 என்ற மின்திறன் தரம் கட்டாயம். 75 முதல் 200 கிலோவாட் வரையிலானவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2023 ஜூலை முதல் அதற்கும் மேலான ஐ.இ.4 தேவை. பொருள் ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்று காட்டும் சி.இ. குறியைப் பொறுத்தவரை, சாதாரண நீர் பம்புக்கு அது உற்பத்தியாளரே கையொப்பமிடும் உறுதிமொழி; அதற்குப் பின்னால் அபாய மதிப்பீடு, வரைபடங்கள், சோதனை அறிக்கைகள் அடங்கிய தொழில்நுட்பக் கோப்பும் ஜெர்மன் மொழிக் கையேடும் இருக்க வேண்டும். ‘சான்றிதழ் வாங்கித் தருகிறோம்’ என்று வருபவர்கள் தரும் தாளை நம்பி, கோப்பு இல்லாமல் குறியை ஒட்டிவிடாதீர்கள். 2027 ஜனவரி 20 முதல் பழைய இயந்திர ஆணைக்குப் பதிலாக 2023/1230 என்ற புதிய ஒழுங்குமுறை நடைமுறைக்கு வருவதால், கோப்பை இப்போதே அதற்கேற்பத் தயாரிப்பது நல்லது.

மறுமொழி 2 (டுசல்டார்ஃபில் சந்தை நுழைவுப் பணி செய்பவர்):

மேலே சொன்னவை முடிந்த பின், உங்கள் பம்ப் பழுதானால் ஐரோப்பாவில் யார் பொறுப்பேற்பார் என்பதைத் தீர்மானியுங்கள். நீங்கள் கேட்ட மூன்று வழிகளில் எது என்பது அதிலிருந்தே தெளிவாகும். இறக்குமதியாளர் மூலம் போனால், பொருள் பொறுப்புச் சட்டம் அவரையும் உற்பத்தியாளர் நிலையிலேயே வைக்கிறது. ஆகவே அவர் விலையைக் கேட்பதற்கு முன்பே உங்கள் கோப்பையும் காப்பீட்டையும் கேட்பார், அப்படிக் கேட்பது நல்ல அறிகுறி.

கமிஷன் முகவர் விலை குறைந்த வழியாகத் தோன்றும். ஆனால் பொருளை இறக்குமதி செய்பவர் அவரல்லர் என்பதால், அந்தப் பொறுப்பை ஏற்க வேறொருவர் தேவைப்படுவார். மேலும், ஜெர்மன் வணிகச் சட்டத்தின் 89பி பிரிவின்படி, ஒப்பந்தம் முடியும்போது அவர் கொண்டுவந்த வாடிக்கையாளர்களுக்காக, ஓராண்டின் சராசரிக் கமிஷன் அளவு வரை இழப்பீடு கோரலாம். அந்த உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கி நீக்கிவிட முடியாது. இதை ஆலோசனை நிறுவனம் உங்களிடம் சொல்லியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சொந்த நிறுவனம் என்றால், கெ.எம்.பெ.ஹா. (GmbH) எனப்படும் ஜெர்மன் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்துக்குக் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ, பதிவின்போது அதில் பாதியாவது செலுத்தப்பட்டிருக்க வேண்டும். உதிரிபாகக் கிடங்கும் பழுதுநீக்க ஆளும் வைக்கும் அளவுக்கு விற்பனை வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. வணிகர் ஒருவர் எங்கள் பம்பைத் தன் பெயரில் விற்கக் கேட்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

மறுமொழி 3 (ஏற்றுமதியாளர்):

தன் பெயரைப் பொறித்து விற்றால் சட்டத்தின் பார்வையில் அவரே உற்பத்தியாளர். உங்கள் சுமை குறையும். அதற்கு ஈடாக உங்கள் பெயர் அங்கே யாருக்கும் தெரியாமல் போகும். ஒரே ஒரு மாடலை மட்டும் அவருக்குக் கொடுத்து, மற்றவற்றை உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள் என்பேன்.

கண்காட்சி அரங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன், எந்தக் கண்காட்சி என்று பாருங்கள். ஹனோவர் நகரில் நடக்கும் தொழில் கண்காட்சி மிகப் பெரியது. ஆனால் நீர் பம்ப் வாங்குவோர் கூடுவது மியூனிக்கில் இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும் இஃபாட் கண்காட்சியில். விலைப்புள்ளி தரும்போது டி.டி.பி. (வரிகளையும் கட்டி வாங்குபவரிடம் சேர்ப்பது) என்று எழுதாதீர்கள்; எழுதினால் அங்குள்ள சுங்கமும் 19 விழுக்காடு இறக்குமதி மதிப்புக்கூட்டு வரியும் அதற்கான பதிவுகளும் உங்கள் தலையில் விழும். எஃப்.சி.ஏ. (வாங்குபவர் நியமிக்கும் சரக்கு நிறுவனத்திடம் ஒப்படைப்பது) அல்லது சி.ஐ.எஃப். (அங்குள்ள துறைமுகம் வரை சரக்குக் கட்டணமும் காப்பீடும் நம்முடையது) போதும். அந்த ஆலோசனை நிறுவனத்திடமும் மாதக் கட்டணத்துக்குப் பதிலாக, முதலில் பத்து இறக்குமதியாளர்களைச் சந்திக்க வைப்பதற்கு மட்டும் ஒரு தொகை பேசுங்கள்; அவர்களில் எத்தனை பேர் தொழில்நுட்பக் கோப்பைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, மேலே ஒப்பந்தம் போடுவதா என்று முடிவு செய்யுங்கள்.