அம்மாயி வீட்டுக் குழுவில் மஞ்சள் மாத்திரை

*இரவு 8:12*

செல்வம் மாமா: (பகிரப்பட்ட செய்தி) மஞ்சளில் உள்ள கர்க்குமின் புற்றுநோய்ச் செல்களை 24 மணி நேரத்தில் அழிக்கிறது! பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்!

செல்வம் மாமா: அக்கா, நேற்று கொடுத்தனுப்பிய மாத்திரையும் இதுதான். காலை ஒன்று, ராத்திரி ஒன்று.

பெரியம்மா: காலையிலேயே ஒன்று போட்டுவிட்டேன் செல்வம்.

கயல்: பெரியம்மா, ராத்திரி மாத்திரையைப் போடாதீர்கள். நாளைக்கு நான்காவது கீமோ. மாமா, கோபப்படாமல் படியுங்கள்.

கயல்: அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை. எங்கள் லேபில் நானே பார்த்திருக்கிறேன். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் மார்பகப் புற்றுச் செல்களை வளர்த்து மஞ்சள் சாற்றை விடுவோம். தட்டோடு ஒட்டிப் படர்ந்திருந்த செல்கள் மறுநாள் சுருங்கி, உருண்டு, மிதக்கும். அப்புறம் மஞ்சள் நிறத்தில் ஒரு சாயம் விடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும், செத்தது மாற்றாது.

செல்வம் மாமா: அப்போ நீயே ஒத்துக்கொள்கிறாயே கண்ணு.

கயல்: தட்டில் சாறு நேராகச் செல் மேல் விழுகிறது மாமா. விழுங்கினால் அப்படிப் போய்ச் சேராது. குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும், அதையும் கல்லீரல் சீக்கிரம் மாற்றி வெளியே தள்ளிவிடும்.

கயல்: 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் கர்க்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் கூடச் சேர்த்ததும் சுமார் 20 மடங்கு ஏறியது. அதனால்தான் இந்த மாத்திரைகளில் மிளகுச் சாறு சேர்க்கிறார்கள். பைப்பரின் கல்லீரலின் வேலையை மட்டுப்படுத்தும். பெரியம்மாவின் கீமோ மருந்தையும் அதே கல்லீரல்தான் கையாள வேண்டும்.

அம்மா: கர்க்குமின் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட், அது உடம்புக்கு நல்லது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்?

கயல்: சாதாரண நாளில் சரி அம்மா. ஃப்ரீ ராடிக்கல் என்பது ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு, பக்கத்தில் இருப்பதிடம் பிடுங்கப் பார்க்கும். ஆன்டிஆக்ஸிடன்ட் தன்னுடையதைக் கொடுத்து அதை அடக்கும். ஆனால் பெரியம்மாவுக்கு ஏற்றும் சிவப்பு மருந்து டாக்சோரூபிசின். அது செல்லைக் கொல்லும் வழிகளில் ஒன்றே இந்த ராடிக்கல்களை உண்டாக்குவதுதான். அப்போது போய் அடக்குகிற பொருளை உள்ளே அனுப்பலாமா?

கயல்: 2002-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுக்கட்டி உள்ள சுண்டெலிகளுக்குத் தீவனத்தில் கர்க்குமின் கலந்து கொடுத்தார்கள். சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து போட்டும் கட்டி சுருங்க வேண்டிய அளவு சுருங்கவில்லை. பெரியம்மா சீட்டில் அந்த மருந்தும் இருக்கிறது. எலிக்கு நடந்தது மனுஷருக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா: அம்மாயி கேட்கச் சொல்கிறார்கள். "மஞ்சள் வெள்ளாமை வைத்துத்தான் உங்களையெல்லாம் ஆளாக்கினேன். இனி இந்த வீட்டில் மஞ்சளே கூடாதா?"

கயல்: ஐயோ, அப்படி இல்லை என்று சொல்லுங்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் ஒன்றரை கிராம் இருக்கும். அதில் கர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான். ஒரு சட்டிக் குழம்புக்கே சுமார் 45 மில்லிகிராம். பெரியம்மா, பாட்டிலில் எவ்வளவு போட்டிருக்கிறது?

பெரியம்மா: கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கர்க்குமின் 500 மில்லிகிராம். மிளகுச் சாறு 5.

கயல்: ஒரே மாத்திரை பத்துச் சட்டிக் குழம்புக்கு மேல்.

செல்வம் மாமா: உங்களுக்கு முடி கொட்டியதைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை அக்கா. அதனால்தான் வாங்கினேன்.

பெரியம்மா: எனக்குத் தெரியாதா சாமி. காலையில் ஆஸ்பத்திரிக்கு நீயும் வா.

*மறுநாள், காலை 11:40*

பெரியம்மா: பாட்டிலையே டாக்டரிடம் காட்டினேன். ஒன்று போட்டதையும் சொன்னேன். கீமோ முடியும்வரை வேண்டாம் என்றார். குழம்பு மஞ்சளுக்குத் தடையில்லை, நம் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். செல்வம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். சிவப்பு மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன்.