ராத்திரி வாசிப்புக்கு எந்த நாவலாசிரியர்? வாசித்துக் காட்டுபவர்களின் அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

கண் மங்கிய ஆச்சிமாருக்குக் கல்கியை வாசித்தால் முகம் தெளிகிறது. வேறு சிலரை எடுத்தால் நாலாம் பக்கத்தில் "போதும், வை" என்கிறார்கள். கதை சுபமாக முடிவதால்தான் என்பது பலருடைய பதில். எனக்கு அது சரியாகப் படவில்லை. முடிவு வர மாதக்கணக்காகும், மனசு முதல் ராத்திரியே அமைதியாகிவிடுகிறதே!

கேட்கிறவரைக் கல்கி திகைக்க விடுவதில்லை, அதுதான் காரணம். பொன்னியின் செல்வனின் தொடக்கத்தைப் பாருங்கள். ஆடிப் பதினெட்டாம் பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரைமேல் வந்தியத்தேவன். நாள், இடம், ஆள் மூன்றும் உடனே கைக்கு வந்துவிடுகின்றன. கரையில் சனங்கள் கமுகு மட்டையில் கூட்டாஞ்சோறு சாப்பிடுகிறார்கள். அந்த இடத்தில் எந்த ஆச்சியும் தன் ஊர்ப் பெருக்கைச் சொல்லத் தொடங்கிவிடுவார். சொல்ல விடுங்கள், புத்தகம் காத்திருக்கும்.

இன்னொன்று. 1950இல் வாரத் தொடராகத் தொடங்கிய நாவல் அது. போன வாரம் படித்ததை மறந்தவருக்காக, யாரை எங்கே விட்டோம் என்று ஆசிரியரே அங்கங்கே எடுத்துக் கொடுப்பார். மொத்தமாகப் படிக்கிறவருக்கு அது கூறியது கூறல். நேற்றுப் பாதியில் கண்ணயர்ந்தவருக்கோ அந்த நாலு வரிதான் பிடிமானம். கதையை மட்டும் வைத்துச் சுருக்கும்போது முதலில் போவது இந்த வரிகள்தாம். சுருக்கப் பதிப்பு வேண்டவே வேண்டாம்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணன் சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயம். நிதானமாக உரக்க வாசித்தால் ஓர் அத்தியாயத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். ராத்திரிக்கு ஒன்று வைத்தால் பத்து மாதத் துணை.

ஒரு சிக்கல் உண்டு. வாசகரை அடுத்த வாரம் வரவழைப்பதற்காகப் பல அத்தியாயங்கள் திடுக்கென்று முடியும். அதைக் கேட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. கடைசி அரைப் பக்கத்தை நிறுத்திவைத்து மறுநாள் அதிலிருந்து தொடங்குங்கள். இது எல்லாத் தொடர்கதைக்கும் பொருந்தும்.

கல்கி நூல்கள் நாட்டுடைமை ஆனவை, பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. ஒரே தொகுதியாக வருவது வாசிக்கத் தோதுப்படாது. மணிக்கட்டு வலிக்கும், நடுவில் முதுகு பிளந்து தாள் கழன்றுவிடும். ஐந்து தனிப் பாகங்களாக வாங்குங்கள். வாங்குமுன் நடுப்பக்கத்தை விரித்துப் பாருங்கள். தைத்த நூல் தெரிந்தால் பல வருஷம் தாங்கும், பசை மட்டும் தெரிந்தால் தாங்காது.

பெட்டகத்தில் பழைய பத்திரிகைப் பக்கங்களைத் தைத்த பைண்டு இருக்கிறதா? ஓவியர் மணியத்தின் படங்களோடு பார்க்கிற சந்தோஷமே வேறு. ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைத் தாள் அமிலம் ஏறிப் பழுத்திருக்கும், விளிம்பு தொட்டாலே உதிரும். தட்டையாக விரிக்காமல் இரண்டு அட்டைக்கும் கீழே மடித்த துண்டை முட்டுக் கொடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

புதுவயலிலிருந்து:

தெரிந்த ஊரும் தெரிந்த தொழிலும் இருந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் பலர் ப. சிங்காரத்தை எடுக்கிறார்கள். சிங்கம்புணரிக்காரர். 'புயலிலே ஒரு தோணி'யில் நம் ஆட்கள் கடல் கடந்து கொண்டுவிற்க (தொழில் செய்ய) போன மெடானும் பினாங்கும் வருகின்றன, செட்டியார்களின் வட்டிக்கடைகள் வருகின்றன. தமிழில் அதற்கு ஈடான நாவல் மிகக் குறைவு, என் மனசுக்கு மிக நெருங்கியதும் அதுதான். ஆனாலும் ராத்திரி உரக்க வாசிக்க அது ஆகாது. உலகப்போர் நடக்கிறது, நினைவு முன்னும் பின்னும் தாவுகிறது, கதாநாயகன் பாண்டியனின் மனப்பேச்சு எங்கே தொடங்கியது என்று காதால் மட்டும் கேட்கிறவருக்குப் பிடிபடாது. பகலில் தனியாக, கண்ணால் படிக்க வேண்டிய புத்தகம்.

பள்ளத்தூரிலிருந்து:

ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருகிறவர்களுக்கு எழுத்தாளர் தேவன்தான். துப்பறியும் சாம்புவின் ஒவ்வொரு கதையும் தனியாக நிற்கும். நர்ஸ் கூப்பிட்டால் மூடி வைக்கலாம், பிறகு எடுக்கும்போது எதுவும் விட்டுப்போயிருக்காது. அசடு என்று எல்லாரும் நினைக்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் கரையேறுகிறார். பயந்துபோய்ப் படுத்திருப்பவருக்கு அது போதும்.

புது ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க: புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஓர் அத்தியாயத்தைப் பிரித்து முதல் பத்தியைச் சத்தமாக வாசியுங்கள். யார், எங்கே, பகலா இரவா என்பது அதிலேயே தெரிந்துவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினால் வைத்துவிடுங்கள்.

பொன்னியின் செல்வன் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: ஐந்தாம் பாகத்தில் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகும் அத்தியாயங்களை ராத்திரியில் வைக்காதீர்கள். மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) நாலு பேர் நடமாடும் நேரத்தில் வாசித்து முடித்துவிடுங்கள்.