கம்போடியா மிஷன் பயணம்: போவதற்கு முன் நடந்தது

ஜூராங் தம்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டிசம்பர் லீவில் ஒன்பது நாள் கம்போடியா போய் அனாதைப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்ய எங்கள் சபை வாலிபர்கள் பதினோரு பேர் மே மாதத்திலிருந்து ஆயத்தமானோம். சனிக்கிழமை தோறும் ஜெபம், பொம்மலாட்டப் பயிற்சி, கம்போடிய மொழியான கெமரில் பாட்டு. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசியும் போட்டாயிற்று.

ஆகஸ்டில் ஒருநாள் எங்களை நடத்தும் அக்கா யாக்கோபு 1:27-ஐ வாசிக்கச் சொன்னார். ‘திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, “நாம இன்னும் விசாரிக்கவே இல்லையே தம்பி. இந்தப் பிள்ளைங்களோட அம்மா எங்க இருக்காங்க?” என்று கேட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஞாயிறு பள்ளியிலிருந்து மனப்பாடமாகச் சொல்லும் வசனம். பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அதில் தாய்மாரும் நிற்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நாங்கள் போகவிருந்த காப்பகத்துக்குப் போன் போட்டோம். பாதிக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகச் சொன்னார்கள். ஊரில் வறுமை, பள்ளிக்கூடமும் தூரம், அதனால் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பிறகு தேடிப் படித்தேன். கம்போடிய அரசும் யுனிசெஃபும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: காப்பகப் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார். 2005-இலிருந்து 2010-க்குள் காப்பகங்கள் 75 சதவீதம் கூடியிருக்கின்றன. லட்சக்கணக்கானோரைக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சி முடிந்ததோ 1979-இல். அந்தக் காலத்து அனாதைகள் எல்லாம் அதற்குள் பெரியவர்களாகியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்களும் காணிக்கையும் வர வர, வீட்டில் இருந்த பிள்ளைகளும் காப்பகத்துக்கு வந்திருக்கிறார்கள். எங்களைப் போல ஆசையோடு போனவர்களும் இதில் ஒரு காரணம் என்று படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காப்பகத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தோம். சபையில் மனஸ்தாபம் வந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று, காணிக்கை கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். போதகர் ஐயா எல்லாருக்கும் தாமே கடிதம் எழுதினார். இப்போது அங்குள்ள ஒரு சபை நடத்தும் மாலை வகுப்புக்குப் போகிறோம். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து படித்துவிட்டு, இருட்டும் முன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், கழிப்பறைக்குக் கதவு போட வேண்டும். அங்குள்ள ஆசிரியர்கள் கேட்டது அவ்வளவுதான்.

ஏற்கெனவே போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கிள்ளான் அக்கா:

தம்பி, நான் கல்லூரி நாளில் இப்படி ஒரு காப்பகத்துக்குத்தான் போனேன். வேனை விட்டு இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஆறு வயதுப் பிள்ளை ஒன்று வந்து என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரமும் அந்த விரலை விடவில்லை. என்மேல் எவ்வளவு பாசம் என்று பூரித்துப்போனேன். கிளம்பும்போது அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொன்னேன். போகவில்லை.

கடைசி நாள் அங்கே சமைக்கிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மொழிபெயர்க்கும் தம்பியை வைத்துக்கொண்டு சொன்னார்கள்: இந்த மாதத்தில் நீங்கள் மூன்றாவது குழு, ஒவ்வொரு குழு போன பிறகும் அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். அவர்கள் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தார்கள்.

அதனால் திரும்பி வருவேன் என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்காதீர்கள். முகம் தெரிகிற படம் எதையும் போடாதீர்கள், உங்கள் தங்கை முகத்தை முன்பின் தெரியாதவர்கள் அப்படிப் போட்டால் சும்மா இருப்பீர்களா? அன்பாகத்தான் என்றாலும் தலையைத் தொடக்கூடாது, அங்கே அது மரியாதை இல்லை. கும்பிடும் கை சமவயதுக்காரருக்கு நெஞ்சுக்கு நேரே, பெரியவர்களுக்கு வாய்க்கு நேரே, ஆசிரியருக்கு மூக்குக்கு நேரே. நம் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பழகிவிடும்.

நெல்லைக்காரி:

நான் இன்னொரு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா இறந்த பிறகு ஏழு வருஷம் மிஷன் விடுதியில் வளர்ந்தவள் நான். அம்மா பீடி சுற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தால் எங்களை வரிசையாக நிறுத்திப் பாடச் சொல்வார்கள். ஒருதடவை, “அப்பா இல்லாத பிள்ளைகள் கை தூக்குங்க” என்றார்கள். தூக்கினேன். பிஸ்கட் பாக்கெட் கிடைத்தது. அதைப் பிரிக்காமல் அம்மாவுக்காகப் பெட்டியில் வைத்திருந்தேன்.

அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்து, பிறகு எங்கள் பக்கத்து டோனாவூரில் தங்கினார்கள். தமிழ் படித்து, சேலை கட்டி, 1951-இல் கண்மூடும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அவர்கள் எடுத்து வளர்த்த பிள்ளைகள் அவர்களை ‘அம்மா’ என்று கூப்பிட்டார்கள். எல்லாராலும் அப்படி இருக்க முடியாது, தெரியும். ஒன்பது நாளில் அந்தப் பெயருக்கு ஆசைப்படாமல் இருந்தால் போதும்.

வந்தவர்களில் ஒரு அக்கா மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறார்கள். பேர்கூடத் தெரியாது. அம்மா என்னைப் பார்க்க வந்திருந்த சனிக்கிழமை, விருந்தாளிகளுக்குப் போட்ட நாற்காலியை விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா தூக்குச்சட்டியில் கொண்டுவந்த புளிச்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார்கள். அரைகுறைத் தமிழில் அம்மாவிடம், “நீங்க சாப்டீங்களா?” என்று கேட்டார்கள். அம்மா அதை ஊர் முழுக்கச் சொன்னார்கள்.

ஜூராங் தம்பி:

அக்கா, நீங்கள் எழுதியதை நேற்றுக் கூட்டத்தில் வாசித்தேன். கெமரில் ‘ஞாம் பாய்’ என்றால் சோறு சாப்பிடுவது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மாரிடம் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கத்தான் இந்த வாரம் பழகிக்கொண்டிருக்கிறோம்.